மதுரையில் இறங்கு

1

டிசம்பர் பயணத்துக்கு டிக்கெட் போட உட்கார்ந்து இன்றோடு மூன்று நாளாகிறது. எங்கிருந்து என்ற கட்டத்தில் ஆக்லாந்து என்று கணினியே எழுதிவிட்டது. எங்கே என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் 'இன்னும் அங்கே இருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வருகிறது. இருக்கிறேனப்பா. பதினெட்டு வருஷமாக நியூசிலாந்தில்தான் இருக்கிறேன்.

தேனி மாவட்டத்துக்காரனுக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் கிடையாது. அதனால் சுற்றிலும் இருப்பதெல்லாம் நம்முடையது என்று எடுத்துக்கொள்வோம். சென்னையில் இறங்கிப் பஸ் பிடிக்கிறவர்கள் உண்டு. மச்சினன் வீடு இருக்கிறதே என்று கோயம்புத்தூரில் இறங்குகிறவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டு, ஏன் இறங்கினோம் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. எனக்கு எப்போதும் இரண்டே இரண்டுதான், கொச்சி அல்லது மதுரை. எதுவானாலும் சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கிற எவரும் மதுரையில்தான் இறங்குவார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டினால் மூன்று மணி நேரத்தில் வீடு. நாங்களோ கொச்சியில் இறங்குவோம். அண்ணன் சூசை ஏலக்காய் வியாபாரி, மலையாளம் தண்ணீராக வரும். ஜீப்பை எடுத்துக்கொண்டு அவனே கொச்சிக்கு வந்து நிற்பான். மூவாற்றுப்புழையில் புட்டும் கடலையும், குட்டிக்கானத்தில் பனி, ஒரு வளைவு விட்டு ஒரு வளைவில் என் மகள் ஜெனியின் வாந்தி, குமுளியில் டீ. மலை இறங்கும்போது லோயர் கேம்ப் மின்நிலையத்தின் பெரிய குழாய்கள் தெரியும். 'வந்துட்டோம்' என்று என் மனைவி செல்வி அங்கேதான் சொல்வாள். ஜெனிக்கு இந்தியா என்றாலே கொச்சிதான்.

இந்த ஜூலை வரை மதுரையில் நான் இறங்கியது இரண்டே முறை. அப்பாவுக்கு ஒரு முறை, சித்தப்பாவுக்கு ஒரு முறை.

எங்கள் பள்ளத்தாக்கில் சாவுச் செய்தியை வெளிநாட்டில் இருப்பவனிடம் நேராகச் சொல்வதில்லை. தனியாகக் கிடக்கிறானே, வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவானே என்ற கரிசனம். 'உடம்புக்குச் சொகமில்ல, மதுரையில எறங்கு' என்பார்கள். அவ்வளவுதான். மதுரை என்று சொன்னால் ஐஸ் பெட்டி வந்துவிட்டது, பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது, உனக்காகக் காத்திருக்கிறோம் என்று பொருள். கேட்பவனும் மேற்கொண்டு கேட்கமாட்டான், 'சரி' என்று போனை வைத்துவிடுவான். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும், எங்கள் பக்கத்துக் கூடலூர்ப் பெண் ஒருத்தி, தன் அண்ணன் 'மதுரை' என்று ஆரம்பித்ததுமே போனைக் கீழே போட்டுவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

2

இந்த ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணனிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. நான் ஹாமில்டன் பக்கத்தில் ஒரு பால்பவுடர் ஆலையில் தரப் பரிசோதனை செய்கிறவன். ஆய்வுக்கூடத்தில் போனுக்கு இடமில்லை. தேநீர் நேரத்தில் வெளியே வந்து காதில் வைத்தேன். பின்னால் மழைச் சத்தம், ஜீப் உறுமும் சத்தம்.

"ஏலே அந்தோணி, கொச்சி வேணாம்டா. மதுரையில எறங்கு. இந்த வாரமே டிக்கெட்டப் போட்டுரு, நாள் கடத்தாத. நா மேகமலைக்கு ஏறிக்கிட்டு இருக்கேன், அங்கன டவர் இருக்காது. மத்தத அப்பறமாப் பேசிக்கிருவோம்."

அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவிடம் பேசியிருந்தேன். "டிசம்பர்ல எந்தப் பக்கமா வாறிய?" என்று கேட்டாள். "கொச்சிதாம்மா, எப்பவும் போல" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'மில் என்னவோ குறைந்தது என்று அப்போதே பட்டது. அவளுக்கு முழங்கால் வலி உண்டு, சர்க்கரை உண்டு. எழுபத்தாறு வயது. நான் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அண்ணனுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாவின் போனுக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவதாக யாருக்கும் அடிக்கவில்லை. இதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அண்ணியின் எண் என்னிடம் இருந்தது. பக்கத்து வீட்டு ஞானம்மாளின் எண் இருந்தது. ஒரே ஒரு போன் போதும். யாரோ ஒருத்தர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் எதற்காக மறைத்துச் சொன்னான்? நான் கேட்கக் கூடாது என்றுதானே! எங்கள் ஊர் வழக்கம் என் கோழைத்தனத்துக்கு நல்ல போர்வையாக அமைந்தது.

மேகமலைக்கு எதற்குப் போகிறான் என்றுகூட யோசித்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் மாமா வகையில் சொந்தம் இருக்கிறது, சாவு சொல்லப் போகிறான் என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஏலக்காய் வியாபாரி மேகமலைக்கு ஏலக்காய் வாங்கப் போவான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

3

அலுவலகத்தில் விடுப்பு பார்க்கிற பெண் ட்ரேசி. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு படிவத்தை நீட்டினாள். எவ்வளவு அன்பான நாடாக இருந்தாலும் படிவம் படிவம்தான்.

துக்க விடுப்பு. இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? தாய். இறந்தவர் பெயர்? எழுதினேன். இறந்த தேதி? பேனா நின்றது. இங்கே செவ்வாய் மதியம், அங்கே செவ்வாய் காலை. தேதி ஒன்றுதான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அம்மா செத்த தேதியில் குழப்பமில்லை என்று நிம்மதிப்பட்ட மனுஷன் நான். மூன்று நாள் சம்பளத்தோடு கிடைக்கும், மேற்கொண்டு வேண்டுமென்றால் வருடாந்தர விடுப்பில் கழியும் என்றாள் ட்ரேசி. விமானத்திலோ எங்காவதோ கேட்டால் காட்டு என்று ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்தாள். அதை மடித்து பாஸ்போர்ட் உறைக்குள் செருகினேன்.

வீட்டில் அண்ணனின் பதிவைப் போட்டுக் காட்டியதும் செல்வி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜெனி பள்ளியிலிருந்து வந்தாள். பதினாறு வயது. செல்வி விஷயத்தைச் சொன்னாள். ஜெனி பையைக் கழற்றி ஒழுங்காகக் கொக்கியில் மாட்டிவிட்டு, என்னிடம் வந்து தோளைத் தொட்டாள்.

"சாரி ஃபார் யுவர் லாஸ், அப்பா."

உன் இழப்புக்கு வருந்துகிறேன். ட்ரேசி சொன்னதும் இதே வாக்கியம்தான். ட்ரேசி சொன்னபோது ஆறுதலாக இருந்தது. மகள் சொன்னபோது தூக்கிவாரிப்போட்டது. உன் இழப்பாம். அவளுடைய அப்பத்தா இல்லையா? அவளுக்கு இங்கே துக்கம் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், குறையில்லாமல் கேட்டாள். நான் அவளுக்கு அழச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு நாளில் இரண்டு சீட் கிடைக்கவில்லை, ஒன்றுதான் கிடைத்தது. நான் மட்டும் கிளம்பினேன். அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: வியாழன் பகல் மதுரை.

4

சிங்கப்பூரில் அண்ணனின் பதில் வந்து கிடந்தது. "சரிடா. வந்துருதோம்." அந்த 'தோம்' யார் யார் என்று எண்ணினேன். அண்ணன், அண்ணி, பெரியப்பா மகன். அம்மாவை விட்டுவிட்டு எண்ணிப் பழகினேன். கொச்சி விமானத்துக்கு என் எதிரே ஒரு கூட்டம் போனது, கையில் பெரிய பெரிய சாக்லேட் பைகளோடு. என் கையில் ஒரு சின்னப் பை, உள்ளே வெள்ளைச் சட்டை இரண்டு.

மதுரையில் குடியேற்ற வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் உசிலம்பட்டிக்காரம்மா ஒருவர், சிங்கப்பூரில் மகள் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்.

"ஏந்தம்பி, மூஞ்சி இப்புடி வாடிக் கெடக்கு? சாப்பிடலையா?"

"அம்மா தவறிட்டாங்க."

வாய்விட்டு அதைத் தமிழில் முதல் முறை சொன்னது அப்போதுதான். அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "அய்யோ ராசா! ஏய்யா, தள்ளுங்கய்யா, பெத்தவ மொகத்தப் பாக்கப் போற பிள்ள, வழிய விடுங்க!" வரிசை முழுவதும் ஒதுங்கியது. கைக்குழந்தையோடு நின்றவள்கூட ஒதுங்கினாள். அதிகாரி என் கடவுச்சீட்டைத் திறந்தார், வந்த காரணம் கேட்டார், சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தி, "போங்க சார், சீக்கிரம் போங்க" என்றார்.

விமானத்தில் இருந்த அத்தனை பேரிலும் முதல் ஆளாக நான் வெளியே வந்தேன்.

5

வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் கூட்டம். சாமான் தள்ளுகிற வண்டி ஒன்றில், போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் தண்ணீர் என்றார்கள். அம்மாவைப் போல யாரோ என்று நினைக்கவில்லை. ஆவி என்றும் நினைக்கவில்லை. அம்மாதான் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாகக் கல்லாகக் கட்டி வைத்திருந்த ஒன்றை எந்தப் பக்கம் இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. சந்தோஷம் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம்.

"நீ எதுக்கும்மா இங்க வந்த?"

"இதென்னடா கேள்வி? நா வரக் கூடாதா?" அவள் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். கை சுடச்சுட இருந்தது. "பதினெட்டு வருசமா நீ வாற, போற. ஒரு தடவையாச்சும் வந்து கூட்டிட்டுப் போயிருக்கேனா? அம்புட்டுத் தொலவு மல ஏறி எறங்க இந்தக் காலு ஒத்துக்கிருமா? அதான் சூசைகிட்டச் சொன்னேன், ஒருக்கா மதுரையில எறங்கச் சொல்லுன்னு. நா கேட்டேன்னு ரெண்டே நாள்ல வந்துட்டியேடா, ராசா!"

பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து எல்லோரையும் சிநேகம் பிடித்து வைத்திருந்தாள். "பாத்தியளா? எம் மகன்தான் மொத ஆளா வந்துருக்கான். எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடியாந்துருக்கான்!"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டிக்காரம்மா தன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. அவர் வெளியே வந்தால் என்னைத் தேடித் துக்கம் கேட்பார். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக, அண்ணன் காத்திருந்த ஜீப்புக்குப் போனேன்.

"மெல்லடா, காலு!" என்றாள் அம்மா. "வீட்டுக்குப் போக என்னா அவசரம் பாரு இவனுக்கு." குரலில் அத்தனை பெருமை.

6

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஜீப் நின்றது. அம்மா வண்டியிலேயே இருந்தாள். அண்ணனைப் புளியமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏலே, டிசம்பருக்குடா! கிறிஸ்மஸுக்குச் சீட்டுக் கெடைக்காதுன்னு இந்த வாரமே டிக்கெட்டப் போடுன்னேன். இந்த வாரம் வான்னா சொன்னேன்? நீ வியாழன்னதும், அம்மாவுக்காகத்தான் ஓடியாறன்னுல்ல நெனச்சேன்!"

"மதுரைன்னு சொன்னியே!"

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பாவின் சாவை எனக்குச் சொன்னது அவன்தான். சித்தப்பாவின் சாவைச் சொன்னதும் அவன்தான். இரண்டு முறையும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். "நாக்குல சனி" என்றான். ஜீப்பின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரிய வேணாம்டா. நேத்துலருந்து தெருவுல ஒரு வீடு விடாமச் சொல்லிக்கிட்டுத் திரியுது, நா கேட்டேன்னு எம் மகன் வாரான்னு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

செல்விக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவள் 'மாதாவே' என்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அத்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பேர் கொடுத்திருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்க வீடென்று அடுப்பில் வேகவைத்த மக்ரோனி கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம், இரண்டு தட்டு. அதற்கு இப்போது என்ன செய்வது என்று கேட்டாள். சாப்பிடுங்கள் என்றேன்.

வண்டி தேனியைத் தாண்டியபோது ஜெனி வீடியோவில் வந்தாள். நான் தடுப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். ஜெனியின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள். இரண்டு நாள் முன்னால் வராத அழுகை, இப்போது மூக்கு சிவக்க வந்தது.

"அப்பத்தா! நீங்க உயிரோட இருக்கீங்களா?"

அண்ணன் ஜீப்பை ஓரம் கட்டினான். அம்மா ஒரு நொடி திரையைப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"இருக்கேன் தாயி, இருக்கேன். எங்க போகப் போறேன்?" எங்கள் பக்கம் திரும்பி, "புள்ளைக்குத் தமிழு வர வர மோசம்டா. சொகமா இருக்கியளான்னு கேக்குறதுக்கு உசுரோட இருக்கியளான்னு கேக்குது பாரு. வீட்டுல தமிழ்ல பேசுங்கடான்னா கேக்குறியளா?" என்றாள்.

நாங்கள் இருவரும் குனிந்துகொண்டோம். அந்தப் பிள்ளை அதுவரை பேசிய தமிழிலேயே பிசகில்லாத வாக்கியம் அதுதான்.

7

அம்மா நாற்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள், கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியை. எழுதிய காகிதம் எது கையில் கிடைத்தாலும் படிப்பாள், சிவப்புப் பேனா தேடுவாள். நான் வரும்போதெல்லாம் கடவுச்சீட்டை வாங்கி, எந்த ஊர் முத்திரை புதிதாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவள் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட் உறை திறந்து கிடந்தது. மடித்த காகிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

தலையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன்.

அவள் நிமிரவில்லை. பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நான் ஆரோக்கியமேரி என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், நடுவில் 'கே'வுக்கு முன்னால் வர வேண்டிய 'சி' இல்லாமல். ரேஷன் அட்டையில் அந்த ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எத்தனையோ மாதம் அலைந்து திருத்தியவள் அவள். இப்போதும் ஒரு கூரைக் குறி போட்டு, மேலே 'சி' எழுதி, சிவப்பில் வட்டமும் போட்டிருந்தாள்.

"பெத்தவ பேரு கூடத் தப்பு" என்றாள்.

"அம்மா..."

"செவ்வாக்கெழமன்னு போட்டுருக்க. செவ்வாக்கெழம நா என்னா செஞ்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மாவாட்டிக்கிட்டு இருந்தேன். போனு உள்ள கெடந்து கத்துச்சு. கையெல்லாம் மாவு. கழுவிட்டு வாரதுக்குள்ள நின்னுருச்சு. அது நீதானா?"

"ஆமா."

"இன்னொருக்கா அடிச்சிருக்கலாம்ல?"

அப்போது அழுதேன். நாற்பத்தேழு வயது ஆள், இடுப்பில் துண்டோடு நின்று அழுதேன். இரண்டு நாளும் வராத அழுகை எனக்கும் அங்கேதான் வந்தது.

அவள் என்னை அழவிட்டாள். பிறகு காகிதத்தை இன்னொரு முறை படித்தாள்.

"இதுக்கு எத்தன நாளு லீவு குடுத்தாக?"

"மூணு நாளு."

"உசுரோட இருக்கவளப் பாக்க வாறதுக்கு?"

"அதுக்குத் தனியாக் கெடையாதும்மா. நம்ம சொந்த லீவுல எடுக்கணும்."

தலையை ஆட்டினாள், பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டதைப் போல. காகிதத்தை மடித்து உறைக்குள் அவளே வைத்தாள். "ஜெனி சரியாத்தான் கேட்டுருக்கு" என்று முணுமுணுத்தாள். அப்புறம் தோசை ஊற்றப் போனாள். அன்று முழுவதும் அவள் தெருவுக்குப் போகவில்லை. ஞானம்மாள் வந்து, "மகன் எத்தன நாளு இருப்பாக?" என்று கேட்டதற்கு, "இருக்குற வரைக்கும் இருப்பான்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய பெருமையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். அது என்னை அறுத்தது.

பத்து நாள் இருந்தேன். கிளம்பும் நாளும் மதுரைக்கு வந்தாள், வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும். பாதுகாப்புக்காரர் டிக்கெட்டைப் பார்க்கிற இடத்தில் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"அந்தோணி, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. நா செத்தன்னைக்கு நீ கொச்சியிலயே எறங்கு. அண்ணன் வந்து கூட்டியாருவான். வழியில புட்டுச் சாப்புடு, பனியப் பாரு, மெல்ல வா. பொட்டியில கெடக்குறவளுக்கு என்ன அவசரம்? உசுரோட இருக்கையில மதுரையில எறங்கு. நா வந்து நிப்பேன்."

8

ஆலைக்குத் திரும்பியபோது என் மேஜையில் லில்லிப் பூப்படம் போட்ட அனுதாப அட்டை. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ட்ரேசியிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் கையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு இன்னொரு முறை கட்டிப்பிடித்தாள். ஆனால் ஒரு சிக்கல். அவர்களுடைய கணினியில் இறந்த தேதியைத் திருத்தலாம், மரணத்தை நீக்க வழியில்லை. அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லையாம். மேலிடத்துக்கு எழுதி, இரண்டு வாரம் கழித்து, 'பதிவுப் பிழை' என்ற காரணத்தின்கீழ் அம்மாவுக்கு உயிர் வந்தது. மூன்று நாளும் என் சொந்த விடுப்பில் கழிந்தது. அது நியாயம்தான் என்று பட்டது.

அப்படியிருந்தும் கணினியில் 'எங்கே' என்ற இந்தக் கட்டத்தில் மதுரை என்று எழுத மூன்று நாளாக விரல் வரவில்லை. 'ம' என்று அடிக்கிறேன், அழிக்கிறேன். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் காதில் கேட்கிறது. ஒரு சொல்லை இரண்டு சாவு பிடித்து வைத்திருந்தது, மூன்றாவதாக ஒரு பொய்ச் சாவும் சேர்ந்துகொண்டது. கொச்சி என்றால் விரல் தானாக ஓடும்.

இன்று காலை அண்ணனிடமிருந்து குரல் பதிவு. இப்போதெல்லாம் அவன் எந்தப் பதிவையும் "எல்லாரும் சொகம்" என்றுதான் தொடங்குகிறான். "எல்லாரும் சொகம்டா. அம்மா கேக்கச் சொல்லுச்சு, எங்கன எறங்குற? இந்தத் தடவ நாக்காலி கொண்டாந்துருமாம், தள்ளுவண்டி இடுப்பக் குத்துதாம்."

மதுரை என்று அடித்தேன். மூன்று பேர் என்று போட்டேன்.

ஜெனி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தாள். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மதுரையா? யாருப்பா செத்துட்டாங்க?"

எங்கள் ஊர் மொழியில் அவள் தானாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் 'மதுரை'யாக இருந்தது. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன்.

"யாரும் சாகலம்மா. அதனாலதான் மதுரை."